கிட்னி வாட்டிலும் டயலிசிஸ் யூனிட்டிலும் மருந்தாளர் எதில் தொடங்குவது?

கல்லடித் தம்பி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்து ஆதார வைத்தியசாலை ஒன்றின் பாமசியில் வேலை. கிழமைக்கு இரண்டு நாள் கிட்னி நிபுணரோடு வாட் றவுண்டுக்கு மருந்தாளர் ஒருவர் போகவேண்டும், டயலிசிஸ் யூனிட்டையும் பார்க்கவேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. கவுண்டரை விட்டுவிட்டுப் போக ஏலாது. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் கிடைக்கும், அவ்வளவுதான்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் முதலில் எதைப் பார்ப்பது? லப் றிப்போட்டில் அடித்து வரும் இ.ஜி.எப்.ஆர். (சிறுநீரகம் நிமிசத்துக்கு எவ்வளவு வடிக்கிறது என்ற மதிப்பீடு) எண்ணை வைத்தே டோஸ் குறைக்கலாமா, இல்லை கையால் கணக்குப் போடவேண்டுமா? சில றிப்போட்டில் கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய இரத்தக் கழிவு) 3.5 என்கிறது, சிலதில் 310 என்கிறது. கிளினிக் ஆட்களுக்கு மருந்து கட்டிக் கொடுக்கும் இரண்டு நிமிசத்தில் கட்டாயம் சொல்லவேண்டியது எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரை:

தம்பி, அந்த 3.5ம் 310ம் ஒரே அளவுதான். மில்லிகிராம் கணக்கில் வந்ததை 88.4 ஆல் பெருக்கினால் மைக்ரோமோல். அரச லப் றிப்போட்டும் வெளி லப் றிப்போட்டும் ஒரே கிளினிக் கொப்பியில் ஒட்டியிருக்கும். எண்ணை மட்டும் பார்த்துக் குறித்தால் வருத்தம் திடீரென்று கூடியதாகவோ குறைந்ததாகவோ தோன்றும். எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதும் பழக்கத்தை முதல் நாளே தொடங்குங்கள்.

டோஸ் கணக்குக்கு 1976இல் வந்த கொக்குறொப்ட்–கோல்ட் சூத்திரம் போதும். 140இலிருந்து வயதைக் கழித்து, நிறையால் பெருக்கி, ஆணுக்கு 1.23, பெண்ணுக்கு 1.04 ஆல் பெருக்கி, மைக்ரோமோல் கிரியற்றினினால் வகுப்பது. 62 வயது, 48 கிலோ ஆண், கிரியற்றினின் 310 என்று வைப்போம். 78 × 48 × 1.23 ÷ 310, கிட்டத்தட்ட 15 மி.லீ./நிமிடம். இதே ஆளுக்கு லப் எண் (இ.ஜி.எப்.ஆர்., 2021 சூத்திரம்) 19 என்று வரும். லப் எண் 1.73 சதுர மீற்றர் உடம்புப் பரப்புக்குச் சரிக்கட்டியது. 160 செ.மீ. உயரம், 48 கிலோ என்றால் பரப்பு 1.46 தான். 19ஐ 1.46 ஆல் பெருக்கி 1.73 ஆல் வகுத்தால் 16 வரும், இரண்டு கணக்கும் ஒத்துப்போய்விடும். மெலிந்த ஆளுக்கு லப் எண் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். வயல் வேலையில் வற்றிய உடம்புகள்தான் நம்முடைய வாட்டுகளில் அதிகம் என்பதால் இதைச் சின்ன விசயமாக விடாதீர்கள்.

வித்தியாசம் எங்கே கடிக்கும் என்றால் டோஸ் மாறும் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளில். மெரோபெனெம் என்ற அன்ரிபயோட்டிக்குக்கு 10 முதல் 25 வரை ஒரே டோஸ் (பாதி டோஸ், 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை). ஆகவே மேலே சொன்ன ஆளுக்கு 15ம் 19ம் ஒன்றுதான். இரத்தம் உறையாமல் தடுக்கும் எனோக்ஸபரினுக்குக் கோடு 30. லப் 34 என்கிறது, கணக்கு 27 என்கிறது என்றால், கிலோவுக்கு 1 மி.கி. என்ற சிகிச்சை டோஸ் 12 மணித்தியாலத்துக்கு ஒன்றா 24 மணித்தியாலத்துக்கு ஒன்றா என்பதே மாறிவிடும். பிழைத்தால் இரத்தக் கசிவு. நிறையை வாய்ச்சொல்லாகக் கேட்டு எழுதாமல் தராசில் ஏற்றுங்கள்.

கிரியற்றினின் நாளுக்கு நாள் ஏறும் ஆளில் எந்தச் சூத்திரத்தையும் நம்பவேண்டாம். நேற்று 120, இன்று 260, சிறுநீரும் போகவில்லை என்றால் கணக்கு 25 காட்டினாலும் அந்தச் சிறுநீரகம் இப்போது 10க்குக் கீழே வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது இது மறுவளமாக நடக்கும். சிறுநீரகம் தேறிவிடும், டோஸ் மட்டும் குறைத்த இடத்திலேயே கிடக்கும்.

ஒரு மணித்தியாலத்தில் எல்லாக் கட்டிலும் சுற்ற முடியாது. காலை லப் வந்ததும் கிரியற்றினின் 150க்கு மேல் இருப்பவர்களையும், 48 மணித்தியாலத்துக்குள் 26 மைக்ரோமோலுக்கு மேல் ஏறியவர்களையும் மட்டும் எடுங்கள். அவர்களுடைய பி.எச்.டி.யில் (கட்டில் தலைமாட்டு நோயாளர் தாளில்) ஜென்டாமைசின், வான்கோமைசின், அசைக்ளோவிர், எனோக்ஸபரின், டிகொக்சின், மெட்போமின், கிளிபென்கிளமைட், ஸ்பிரொனோலக்டோன், டைக்குளோபெனக், ப்ரீகபாலின், கபாபென்டின், பக்லோபன் இருக்கிறதா என்று தேடுங்கள். கடைசி மூன்றையும் பலர் விட்டுவிடுவார்கள். நரம்பு வலிக்குக் கபாபென்டின் 300 மி.கி. மூன்று வேளை போட்டிருக்கும். சிறுநீரகம் நின்றால் அது வெளியே போக வழியில்லை. ஆள் தூங்கித் தூங்கி விழுவார், கை வெட்டி இழுக்கும். யூரியா ஏறியதால் வந்த மயக்கம் என்று எல்லாரும் நினைப்பார்கள்.

பி.எச்.டி.யில் எழுதும்போது மருந்து, இப்போதைய டோஸ், கணக்கிட்ட எண், பரிந்துரைக்கும் டோஸ், திரும்பப் பார்க்கும் நாள் ஆகியவை இரண்டு வரிக்குள் வரட்டும். ‘டோஸைக் கவனிக்கவும்’ என்று மட்டும் எழுதினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். மாற்றுவது டொக்டர். அவசரம் என்றால் எழுதிவிட்டுக் காத்திருக்காமல் உடனே கதையுங்கள்.

யூனிட் அக்கா:

நான் டயலிசிஸ் பக்கத்திலிருந்து சொல்கிறேன் தம்பி. எங்களுக்கு மருந்தாளரிடமிருந்து முதலில் வேண்டியது ஹெப்பரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) விசயத்தில் ஒழுங்கு.

5 மி.லீ. குப்பியில் 25,000 அலகு, அதாவது ஒரு மி.லீ.யில் 5,000. கதீற்றரை (டயலிசிஸுக்கு நாளத்தில் வைக்கும் இரட்டைக் குழாயை) அடுத்த முறை வரை அடைபடாமல் பூட்ட ஒரு மி.லீ.யில் 1,000 அலகு பாவிக்கும் யூனிட் என்றால், 1 மி.லீ. ஹெப்பரினோடு 4 மி.லீ. சாதாரண சேலைன் சேர்க்கவேண்டும். குழாய் ஒவ்வொன்றின் கொள்ளளவும் அதன் கிளிப்பிலேயே அச்சடித்திருக்கும், 1.5 மி.லீ. மாதிரி. கலக்காத ஹெப்பரினால் பூட்டி, அடுத்த முறை உறிஞ்சி எடுக்காமல் சேலைனைத் தள்ளினால் ஒரு குழாயில் 7,500, இரண்டிலும் சேர்த்து 15,000 அலகு ஆளுக்குள் போய்விடும். இரண்டு செறிவு ஒரே இழுப்பறையில் கிடப்பதுதான் ஆபத்து. கலந்த சிரிஞ்சில் பெயர், செறிவு, கலந்த நேரம் ஒட்டவேண்டும். இன்சுலின் குப்பியை ஹெப்பரினுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. இரண்டையும் அலகில்தான் சொல்கிறோம், அவசரத்தில் கை மாறும்.

அடுத்தது நேரம். மெரோபெனெம், ஜென்டாமைசின் போன்றவற்றை டயலிசிஸ் மெசின் கழுவி எடுத்துவிடும். காலை 8 மணிக்கு வாட்டில் ஊசி போட்டு 9 மணிக்கு எங்களிடம் அனுப்பினால் அந்த டோஸில் பெரும்பகுதி கழிவு நீரோடு போய்விடும். பிறகு ‘மருந்து வேலை செய்யவில்லை, காய்ச்சல் விடவில்லை’ என்று இன்னொரு அன்ரிபயோட்டிக் ஏறும். பி.எச்.டி.யில் ‘டயலிசிஸ் நாளில் முடிந்தபின்’ என்று நீங்கள் எழுதி வைத்தால் வாட் நேர்ஸும் குழம்பமாட்டார்.

பிறசர் குளிசையும் அப்படித்தான். அட்டெனோலோல், எனலப்ரில் இரண்டும் மெசினில் கழுவுப்படும். அம்லோடிபைன், லோசார்டான், கார்வெடிலோல் கழுவுப்படாது. மெசினில் இருக்கும்போது பிறசர் விழும் ஆளுக்குக் காலைக் குளிசையைப் பின்னேரத்துக்கு மாற்றலாமா என்று நிபுணரிடம் கேட்டு எழுதிக் கொடுங்கள். எல்லாரும் டயலிசிஸ் நாளில் பிறசர் குளிசை போடக்கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். மெசினில் பிறசர் ஏறும் ஆட்களும் இருக்கிறார்கள்.

இரத்தம் ஊறவைக்கும் எரித்ரோபொயட்டின் ஊசி 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும், உறையக்கூடாது, குலுக்கக்கூடாது. பாமசியிலிருந்து யூனிட்டுக்கு ஐஸ் பையில் வரும்போது சிரிஞ்ச் நேரே ஐஸில் முட்டினால் உறைந்து பழுதாகும், நடுவில் துணியோ மட்டையோ வையுங்கள். ஹீமோகுளோபின் 10 முதல் 11.5 வரை போதும், 13ஐத் தாண்டவிடக்கூடாது. ஏறவில்லை என்றவுடன் டோஸைக் கூட்டுவதற்குமுன் இரும்பு போதுமா, உள்ளே கிருமித்தொற்று இருக்கிறதா, எத்தனை ஊசி தவறியது, குளிரூட்டி எத்தனை மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தது என்று பாருங்கள். இந்தக் கடைசிக் கேள்வியை மருந்தாளர் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கமாட்டார்கள்.

அயன் சுக்ரோஸ் 100 மி.கி. (5 மி.லீ.) என்றால் சாதாரண சேலைன் 100 மி.லீ.க்கு மேல் கலக்கக்கூடாது, குறைந்தது 15 நிமிசம் ஓடவேண்டும். டெக்ஸ்ட்ரோஸில் (சீனிக் கரைசலில்) கலக்கவே வேண்டாம். காய்ச்சலோடு வந்தவருக்கு அன்று இரும்பு இல்லை.

போரதீவு:

வாவிக்கரை சொன்னதெல்லாம் சரி. ஒன்றைச் சேர்க்காவிட்டால் ஆபத்து. கிட்னி வாட் என்றதும் எல்லாவற்றையும் குறைக்கும் கை வந்துவிடும். அன்ரிபயோட்டிக்கின் முதல் டோஸைச் சிறுநீரகத்துக்காகக் குறைப்பதில்லை. முதல் டோஸ் நிரப்பவேண்டியது உடம்பின் கொள்ளளவை, அது சிறுநீரகத்தைப் பொறுத்ததல்ல. வான்கோமைசின் ஏற்று டோஸ் கிலோவுக்கு 25 முதல் 30 மி.கி., சிறுநீரகம் நின்றவருக்கும் அதேதான். ஓடும் வேகம் நிமிசத்துக்கு 10 மி.கி.யைத் தாண்டக்கூடாது. 1 கிராம் என்றால் 100 நிமிசம். வேகமாக விட்டால் கழுத்தும் முகமும் சிவந்து பிறசர் விழும், பிறகு ‘அலர்ஜி’ என்று கொப்பியில் சிவப்பு மையால் எழுதி, தேவையான மருந்து ஒன்றை வாழ்நாள் முழுக்க மறித்துவிடுவார்கள்.

கிருமி இரத்தத்தில் பரவி அதனால் சிறுநீரகம் அடிபட்டவர், சேலைன் ஏற்றிய இரண்டு நாளில் தேறக்கூடும். மெரோபெனெம் போல் பாதுகாப்பு விளிம்பு அகலமான மருந்தை முதல் 48 மணித்தியாலத்துக்குள் அவசரப்பட்டுப் பாதியாக்கினால் கிருமிதான் வெல்லும். ஜென்டாமைசின் அப்படியல்ல. அதில் அடுத்த டோஸுக்கு முன் இரத்த அளவு 1 மி.கி./லீட்டருக்குக் கீழே வந்ததா என்று பார்க்காமல் இரண்டாவது டோஸுக்குப் போகவேண்டாம்.

கல்லடித் தம்பி:

மிகவும் பயனாக இருக்கிறது, எல்லாருக்கும் நன்றி. மாரி வெள்ளம் வடிந்ததும் எலிக்காய்ச்சல் ஆட்கள் வருவார்கள். கிரியற்றினினும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறி நிற்கும்போது மருந்தாளர் எதைத் தயாராக வைத்திருக்கவேண்டும்?

வாவிக்கரை:

எலிக்காய்ச்சலுக்குச் செவ்றியாக்சோன் 1 கிராம் நாளுக்கு ஒரு தடவை, டொக்சிசைக்ளின் 100 மி.கி. இரண்டு வேளை. இரண்டுக்கும் சிறுநீரகத்துக்காக டோஸ் குறைக்கத் தேவையில்லை. பென்சில்பெனிசிலின் என்றால் 15 இலட்சம் அலகு, 6 மணித்தியாலத்துக்கு ஒன்று. சிறுநீர் நின்றுபோனால் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் வலிப்பு வரும். குப்பியில் இருப்பது சோடியம் உப்பா பொட்டாசியம் உப்பா என்று லேபலைப் பாருங்கள். பொட்டாசியம் உப்பில் 10 இலட்சம் அலகுக்கு 1.7 மில்லிமோல் இருக்கும், நாளுக்கு 60 இலட்சம் என்றால் 10 மில்லிமோல். பொட்டாசியம் ஏறி நிற்கும் ஆளுக்கு அது வேண்டாத பாரம்.

பொட்டாசியம் ஏறும் அவசரத்துக்கு வாட்டில் ஒரு பெட்டி வையுங்கள். அதற்குள் 10 வீதக் கல்சியம் குளுக்கோனேற்று 10 மி.லீ. மூன்று, 50 வீத டெக்ஸ்ட்ரோஸ் 50 மி.லீ., சல்பியூட்டமோல் நெபியுலைசர் மருந்து, இன்சுலின் சிரிஞ்ச். இன்சுலின் குளிரூட்டியில் எங்கே இருக்கிறது என்று பெட்டி மூடியில் எழுதுங்கள். சாதாரண சிரிஞ்ச் அந்தப் பெட்டிக்குள் வேண்டாம். இன்சுலின் 10 அலகு என்பது 0.1 மி.லீ. தான். சாதாரண சிரிஞ்சில் 1 மி.லீ. எடுத்தால் 100 அலகு, ஆள் தப்பமாட்டார்.

கல்சியம் இதயத்தைக் காக்கும், பொட்டாசியத்தை இறக்காது. அதன் காவல் அரை மணி முதல் ஒரு மணித்தியாலம். அதே குழாயில் சோடியம் பைகாபனேற்று ஓடினால் சுண்ணாம்பாகப் படியும். செவ்றியாக்சோனும் கல்சியத்தோடு படியும். எலிக்காய்ச்சல் ஆளுக்கு இரண்டும் ஒரே நேரம் தேவைப்படும் என்பதால் நடுவில் சேலைனால் குழாயைக் கழுவவேண்டும் என்று பெட்டி மூடியிலேயே ஒட்டுங்கள். இன்சுலின் கொடுத்தபின் 6 மணித்தியாலம், மணிக்கு ஒரு தடவை இரத்தச் சீனி பார்க்கவேண்டும். சிறுநீரகம் நின்றவரில் இன்சுலின் நீண்ட நேரம் நிற்கும். டெக்ஸ்ட்ரோஸ் தீர்ந்தபிறகு, நான்காம் ஐந்தாம் மணித்தியாலத்திலும் சீனி விழும்.

பிறகு பி.எச்.டி.யைப் புரட்டி எது ஏற்றியது என்று தேடுங்கள். லோசார்டான், எனலப்ரில், ஸ்பிரொனோலக்டோன், கோ-ட்ரைமொக்சசோல், ஹெப்பரின், பழைய தாளில் நிறுத்த மறந்த பொட்டாசியம் குளிசை.

வயலில் புடையன் பாம்பு கடித்து வரும் ஆட்களுக்கும் சிறுநீரகம் அடிபடும். விசமுறிவு மருந்தின் டோஸைச் சிறுநீரகத்துக்காகக் குறைப்பதில்லை. வலிக்கு டைக்குளோபெனக் போகாமல் மறிப்பது உங்கள் வேலை.

சம்மாந்துறை நானா:

தம்பி முதலில் கேட்டவற்றில் கடைசிக் கேள்வியை யாரும் தொடவில்லை. கிளினிக் ஆட்களிடம் பேச இரண்டே நிமிசம் என்றால் முதல் நிமிசத்தில் ஒரு கேள்வி: ‘நோவுக்கு என்ன குளிசை போடுறீங்க?’ மருந்துப் பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்பார்கள். நாரிப் பிடிப்பு, முழங்கால் நோவு, அறுவடைக் காலத்து உடம்பு நோவு என்று கேட்டால்தான் கடையில் வாங்கிய டைக்குளோபெனக், மெபனமிக் அசிட், இபுபுரோபன் எல்லாம் வெளியே வரும். லோசார்டான், புரூசமைட் (நீர் போக்கும் குளிசை), அதோடு நோவுக் குளிசை, மூன்றும் சேர்ந்தால் வெயிலில் வேர்த்து வற்றிய உடம்பில் சில நாளிலேயே சிறுநீரகம் படுத்துவிடும். மாற்றாகப் பரசிட்டமோலைச் சொல்லுங்கள், 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்ற கணக்கில். அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டிப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் இருக்கிறது. சீனியும் பிறசரும் இல்லாமலே வரும் என்பதால், அங்கிருந்து வருபவர்களிடம் ‘உங்களுக்கு வேறு வருத்தம் இல்லையே’ என்று நோவுக் குளிசையை இலேசாக விட்டுவிடக்கூடாது.

கசாயத்தையும் கேளுங்கள், ஏசாமல் கேளுங்கள். ஏசினால் அடுத்த முறை ஒளித்துவிடுவார்கள். ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அரிஸ்டலோக்கிக் அமிலம் உள்ளவை, சிறுநீரகத்தைத் தழும்பாக்கும். வெறும் வயிற்றில் நட்சத்திரப் பழச் சாறு, பிலிங்காய்ச் சாறு குடிப்பதும் கூடாது, ஒக்சலேற்று படியும். பொட்டாசியம் ஏறிய ஆளுக்கு இளநீர் வேண்டாம். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும், அதையும் சொல்லுங்கள்.

இரண்டாவது நிமிசம் கல்சியம் காபனேற்றுக்கு. பையில் ‘3 வேளை’ என்று மட்டும் எழுதினால் ஆட்கள் வெறும் வயிற்றில் போடுவார்கள். அப்போது இரத்தத்தில் கல்சியம் ஏறுமே தவிர சாப்பாட்டிலுள்ள பொஸ்பரஸ் பிடிபடாது. ‘சோற்றின் முதல் வாயோடு சப்பிச் சாப்பிடவும், சாப்பாடு இல்லையென்றால் குளிசையும் இல்லை’ என்று எழுதுங்கள். முள்ளோடு தின்னும் நெத்தலிக் கருவாடு உள்ள சாப்பாட்டுக்கு அது கட்டாயம். இரும்புக் குளிசைக்கு 2 மணித்தியாலம், தைரொக்சினுக்கு 4 மணித்தியாலம் இடைவெளி. சிப்ரோபுளொக்சசின் என்றால் கல்சியத்துக்கு 2 மணித்தியாலம் முன்போ 6 மணித்தியாலம் பின்போ.

வயிற்றோட்டம், சத்தி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் லோசார்டான் அல்லது எனலப்ரில், புரூசமைட், மெட்போமின், எம்பாகிளிபுளோசின் ஆகியவற்றை நிறுத்திவிட்டு, சாதாரணமாகச் சாப்பிடத் தொடங்கி 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் திரும்பத் தொடங்கவேண்டும். இதைத் துண்டில் எழுதிக் கொப்பியில் ஒட்டுங்கள், நிபுணர் யார் யாருக்கு என்று ஒப்பமிட்டபின். இதயம் பலவீனமானவருக்கும் டயலிசிஸில் இருப்பவருக்கும் வேறு கணக்கு. இரண்டு நாளில் தேறாவிட்டால் வைத்தியசாலைக்கு வரச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் றமழானுக்கு ஒரு மாதம் முந்தியே இந்தக் கதையைத் தொடங்கவேண்டும். நான்காம் ஐந்தாம் நிலை வருத்தக்காரர், டயலிசிஸ் ஆட்கள், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் நோன்பு பிடிப்பது ஆபத்து. அதை டொக்டர் சொல்லட்டும், கேட்கப்போவது உங்களிடம்தான். பிடிக்கலாம் என்று நிபுணர் விட்டவருக்கு மூன்று வேளை மருந்து இரண்டு வேளையாக ஏலுமா, புரூசமைட்டை நோன்பு திறந்தபின் வைக்கலாமா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சஹர் முதல் இப்தார் வரை 13 மணித்தியாலத்துக்கு மேல். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளாமல் காக்கும் டாக்ரோலிமஸ் 12 மணித்தியாலத்துக்கு ஒன்று, அது அந்த இடைவெளிக்குள் சரியாக விழாது.

கல்லடித் தம்பி:

நானா, மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களும் எங்கள் கிளினிக்குக்கு மருந்துக்கு வருகிறார்கள். வேறு என்ன பார்ப்பது?

போரதீவு:

கண்டியிலோ கொழும்பிலோ செய்துகொண்டு ஊருக்குத் திரும்பியவர்களில் பிழை நடப்பது பெரும்பாலும் வேறு வருத்தத்துக்கு வெளியில் மருந்து எடுக்கும்போது. கிளாரித்ரோமைசின், புளூகொனசோல், டில்டியாசெம் மூன்றும் டாக்ரோலிமஸை ஏற்றும். ரிபாம்பிசினும் பெனிற்றோயினும் விழுத்தும். அதே வேலைக்கு அசதியோபிரின் எடுப்பவருக்கு அலோபியூரினோல் (யூரிக் அமிலம் குறைக்கும் குளிசை) எழுதியிருந்தால் மருந்தைக் கொடுக்காமல் டொக்டரைக் கூப்பிடுங்கள், வெள்ளைக் கலம் இறங்கிப்போகும். டாக்ரோலிமஸ் தயாரிப்பு மாறினால் யூனிட்டுக்குச் சொல்லி இரத்த அளவு எடுக்கவைக்கவேண்டும். இரத்தம் எடுக்கும் நாளில் காலைக் குளிசை போடாமல் வரவேண்டும், கடைசி டோஸ் எடுத்த நேரம் படிவத்தில் இருக்கவேண்டும். நேரம் எழுதாத றிப்போட்டை வைத்து டோஸ் மாற்றச் சொல்லாதீர்கள்.

யூனிட் அக்கா:

தம்பி, திங்கள்–வியாழன், செவ்வாய்–வெள்ளி, புதன்–சனி என்று எங்கள் டயலிசிஸ் அட்டவணையை எடுத்து பாமசிக் கவுண்டரில் ஒட்டுங்கள். ஆளின் பி.எச்.டி. இலக்கத்துக்குப் பக்கத்தில் டயலிசிஸ் நாள், நீர் இறங்கியபின் நிறை, எந்த மருந்து மெசினுக்குப் பிறகு என்ற மூன்றும் இருந்தால் போதும். முறை மாறினால் நாங்கள் அழைப்பு எடுத்துச் சொல்கிறோம், நீங்கள் பென்சிலால் எழுதுங்கள்.